எண்ணும் உயிரும்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழி நோக்கிச் செல்லும் சாலையிற் கோடைக்காலத்து நண்பகலிற் செல்வோர் காண்பன யாவை? கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கண்மாய்களின் உள்வாயில் நீருக்கு மாறாகச் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கும். ஆங்காங்கே கரிமூட்டத்தின் புகை எழும். குண்டாறு வெறும் மணலாய்க் கிடக்கும். 'வானம் பார்த்த பூமி' என்று தம் நிலத்தைக் கூறிக்கொள்ளும் இந்நாட்டு மக்களின் வாழ்வில் எண்ணுக்கு இடமுண்டோ எனின், மிக உண்டு. எத்தனை உழவுமழை பெய்தது, குதிரைவாலிக்கு எத்தனை படி விதை வேண்டும், பாவில் எத்தனை இழை என்று உழவரும் நெசவாளரும் எண்ணாது கழிக்கும் நாள் இல்லை. ஆயினும், "உங்கள் ஊரிற் சென்ற ஆண்டு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் இறந்தனர்? அத்தொகை மிகையா, குறைவா? எதனோடு ஒப்பிட்டு அவ்வாறு கூறுகின்றீர்?" என்று வினவின் விடை கூறுவார் அரியர். இழையை எண்ணும் நாம் உயிரை எண்ணக் கற்றோமில்லை.

தமிழ் பயிலும் யாம் உயிரியலும் மருத்துவமும் கணக்கும் கலந்த இத்துறையைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எண்ணையும் எழுத்தையும் வாழ்வோர்க்கு இரு கண்களாகக் கூறிய வள்ளுவர், அவ்விரண்டனுள் எண்ணையே முன்வைத்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். எழுத்தை மட்டும் கற்று எண்ணைக் கைவிடின் நாம் ஒற்றைக் கண்ணராவோம். ஆதலின், நோயையும் உடல்நலத்தையும் ஆராய்வோர் திரட்டும் எண்களை எவ்வாறு படிப்பது என்பதை, நமக்குப் பழகிய பொருள்களையே சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம்.

சராசரி

எண்களைத் திரட்டியவுடன் யாவரும் முதலிற் செய்வது சராசரி காண்டல். சராசரி நல்ல பணியாள். ஆனால் அதனிடம் வீட்டை முழுதும் ஒப்படைத்தல் ஆகாது. ஓராண்டு 1,200 மில்லிமீட்டர் மழையும் மறு ஆண்டு 400 மில்லிமீட்டர் மழையும் பெய்தன என்று கொள்வோம். சராசரி 800. ஏட்டில் அது நிறைவான மழை. முதலாண்டிற் கரை உடைந்த கண்மாயையும் மறு ஆண்டிற் கருகிய பயிரையும் கண்ட உழவனோ அச்சராசரியைக் கேட்டு நகுவான்.

குழந்தைகளின் எடையும் இத்தகையதே. ஓரூரில் ஒரே வயதினரான ஐந்து குழந்தைகள் முறையே 11, 12, 12, 12, 13 கிலோ எடையுள்ளவர் என்க. மற்றோரூரில் ஐவர் 8, 9, 12, 15, 16 கிலோ எடையுள்ளவர். இரண்டூரிலும் சராசரி 12 கிலோவே. ஆயின் இரண்டாம் ஊரில் இரு குழந்தைகள் மெலிந்து வாடுகின்றன. சராசரி அவர்களை மறைத்துவிட்டது. இம்மறைவை நீக்குதற்கு அறிஞர் கண்ட அளவே திட்ட விலக்கம் என்பது. ஒவ்வோர் எண்ணும் சராசரியினின்று விலகிய தொலைவைத் தன்னாற் பெருக்கி, அவற்றைக் கூட்டி, தொகையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் அது கிடைக்கும். முதலூரில் அது ஏறக்குறைய 0.6 கிலோ, இரண்டாம் ஊரில் 3.2 கிலோ. சராசரியை மட்டும் கூறி விலக்கத்தைக் கூறாத அறிக்கையைக் காணின், 'மெலிந்த குழந்தைகள் எங்கே?' என்று வினவுதல் கற்றோர் கடன்.

சிற்றூரும் சிற்றெண்ணும்

இனி, ஒரு சிற்றூரில் 30 குழந்தைகளை ஆராய்ந்தோம், ஒருவர்க்கும் மாலைக்கண் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 'இவ்வூரார்க்கு அந்நோயே இல்லை' என்று கூறலாமோ? கூடாது. அப்பகுதி முழுமையிலும் பத்தில் ஒரு குழந்தைக்கு அந்நோய் இருப்பினும், நாம் தற்செயலாய்க் கண்ட 30 பேரும் நலமுடையோராய் இருத்தற்கு நூற்றுக்கு நான்கு பங்கு வாய்ப்பு உண்டு. இதனை எளிதில் நினைவிற் கொள்ள ஒரு வாய்பாடு கூறுவர்: எத்தனை பேரைக் கண்டும் ஒருவரிடத்தும் நோய் காணாவிடின், 3-ஐ அத்தொகையால் வகுக்க, உண்மையான நோயளவு அதுவரையும் இருத்தல் கூடும். 30 பேராயின் நூற்றுக்கு 10 வரை. 300 பேராயின் நூற்றுக்கு 1 வரை. 'காணவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வொரு வாய்பாடு நமக்கு உணர்த்தும். இவ்வாறே, பத்துக் குழந்தைகளே உள்ள ஊரில் ஒரு குழந்தை இறப்பின் அவ்வூர் மாவட்டத்திலேயே கொடிய ஊராகவும், ஒன்றும் இறவாவிடின் மிக நல்ல ஊராகவும் பட்டியலிற் காட்சியளிக்கும். சிற்றூர்கள் பட்டியலின் இரு கோடிகளிலும் நிற்பது பெரும்பாலும் அவற்றின் சிறுமையாலேயே என்க.

முற்றத்து முருங்கை

உயிர்ச்சத்து 'ஏ' குறையின் அந்தி மங்கிய பின் கண் தெரியாது; குறை முற்றின் கருவிழி உலர்ந்து குருடாகும். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, மஞ்சட் பூசணி, பப்பாளி முதலியன அச்சத்தைத் தரவல்லன. ஆதலின், முற்றத்தில் முருங்கை உள்ள வீட்டுக் குழந்தைகளையும் இல்லாத வீட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்டால், கீரையின் பயன் விளங்கும் என்று ஒருவர் எண்ணலாம். முருங்கையுள்ள வீட்டுக் குழந்தைகள் குறைவாகவே நோயுற்றனர் என்று கண்டால் அவர் மகிழ்ந்து கட்டுரையும் எழுதிவிடுவார்.

சற்றே நிற்க. முற்றம் உள்ள வீடு என்பது என்ன? மனை உடைய வீடு; நீர் ஊற்ற இயன்ற வீடு; ஒருகால் கிணறும் கறவையும் உடைய வீடு. குழந்தையைக் காத்தது முருங்கையோ, பாலோ, நல்ல நீரோ, பொருளோ? ஒன்றன் பயன் மற்றொன்றன் பயனோடு கலந்து நம்மை மயக்குகின்றது. இதனைக் கலப்பு மயக்கம் எனலாம். உடல்நல ஆராய்ச்சியில் நிகழும் பிழைகளுட் பெரும்பகுதி இம்மயக்கத்தாலேயே விளைவது. எத்துணைப் பெரிய எண்ணிக்கையும் இதனை நீக்காது; பதினாயிரம் வீடுகளை ஆராயினும் முற்றமுள்ள வீடு முற்றமுள்ள வீடேயாம்.

தானியேலும் குடவோலையும்

இம்மயக்கத்தை நீக்கும் வழி யாது? ஒப்பிட்டு அறியும் முறை பழமையானது. பாபிலோன் அரண்மனையில் தானியேலும் அவர் தோழர் மூவரும் அரசன் உணவை மறுத்து, பத்து நாள் பருப்பும் மரக்கறியும் நீருமே உண்டு, பின்னர்த் தம் முகத்தை அரச உணவு உண்ட இளைஞரின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு விசாரிப்புக்காரனை வேண்டிய செய்தியை நம் மறையில் தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரத்திற் படித்திருக்கின்றோம். ஒரு கூட்டத்தார்க்கு ஒன்று, மற்றொரு கூட்டத்தார்க்கு வேறொன்று, குறித்த காலம், முடிவில் ஒப்பீடு ஆகிய நான்கும் அங்கே அமைந்துள்ளன. இறைவன் அருளை யாம் ஈண்டு அளக்கப் புகவில்லை. முறையை மட்டும் நோக்குவோமாயின் ஒரு குறை தோன்றும். மரக்கறி உண்டோர் தாமே அதனைத் தெரிந்துகொண்டவர். உறுதியான உள்ளம் உடையவர். அவர்கள் முகம் பொலிந்தது உணவாலோ உள்ளத்தாலோ என்று ஐயுறுவார்க்கு அவ்வொப்பீடு மட்டும் விடை தாராது.

விடை தருவது சீட்டு. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை மருத்துவரும் தெரிந்தெடுக்கலாகாது; நோயாளரும் தெரிந்தெடுக்கலாகாது. சீட்டே தீர்மானித்தல் வேண்டும். அங்ஙனம் செய்யின் செல்வரும் வறியரும், முற்றமுடையாரும் இல்லாரும், வலியாரும் மெலியாரும் இரு கூட்டத்தும் ஏறக்குறைய ஒத்த அளவிற் பரவுவர். நாம் அறிந்த வேறுபாடுகளேயன்றி அறியாத வேறுபாடுகளும் அவ்வாறே பரவும்; இதுவே சீட்டின் பெருமை. தமிழர்க்கு இது புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையை வரலாற்று வகுப்பிற் கற்றிருக்கின்றோம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளே யார் பெயர் உள்ளது என்றறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர் நம் முன்னோர். அச்சிறுவனின் அறியாமையே அம்முறையின் நேர்மைக்குக் காவலாயிற்று. மருத்துவ ஆராய்ச்சியில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிராட்போர்டு ஹில் என்பார், காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் மருந்தை ஆராய்ந்தபோது சமவாய்ப்பு முறையிற் பகுத்து ஒப்பிட்டனர். அதன் முடிவு 1948-இல் வெளியாயிற்று. அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

திருச்சிராப்பள்ளி ஆராய்ச்சி

இனி நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். இந்தோனேசியாவில் அச்சே என்னும் பகுதியில் ஆல்பிரடு சொம்மர் முதலியோர் நடத்திய ஆராய்ச்சி 1986-இல் வெளியாயிற்று. ஆறு திங்களுக்கு ஒருமுறை உயிர்ச்சத்து 'ஏ' பெற்ற ஊர்களிற் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று அது கூறியது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்குமோ என்று பலர் ஐயுற்றனர். மற்றைய ஊர்களுக்கு வெற்று மருந்து எதுவும் கொடுக்கப்படாமையும் அவ்வையத்தை மிகுவித்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்தோர், அமெரிக்க அறிஞருடன் கூடி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர்களில் இதனை மீண்டும் ஆராய்ந்தனர். ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரை வயதுள்ள 15,419 குழந்தைகள் அதிற் சேர்ந்தனர். ஒரு கூட்டத்தார்க்கு வாரந்தோறும் 8,333 அலகு உயிர்ச்சத்து 'ஏ', சிறிது உயிர்ச்சத்து 'ஈ'யுடன் கலந்து கொடுக்கப்பட்டது. மற்றொரு கூட்டத்தார்க்கு உயிர்ச்சத்து 'ஈ' மட்டும். இரு கூட்டத்தார் வீட்டிற்கும் பணியாளர் வாரந்தோறும் சென்றனர். எப்புட்டியில் எது உள்ளது என்பதை மருந்து கொடுத்தோரும் அறியார். பெற்ற தாயரும் அறியார். உத்திரமேரூர்ச் சிறுவனின் அறியாமையை ஈண்டும் காண்கின்றோம். ஓராண்டு கழிந்தது. முடிவு 1990-இல் வெளியாயிற்று.

அம்முடிவு நான்கு எண்களுள் அடங்கும். சத்துப் பெற்ற 7,764 குழந்தைகளுள் இறந்தோர் 37. பெறாத 7,655 குழந்தைகளுள் இறந்தோர் 80. ஆயிரத்துக்குக் கணக்கிடின் முன்னது ஏறக்குறைய 4.8, பின்னது 10.5. முன்னதைப் பின்னதால் வகுக்கின் 0.46 வரும். அஃதாவது இறப்பு நூற்றுக்கு 54 பங்கு குறைந்தது. இஃது ஒருவகைக் கூற்று. இதனையே மற்றொரு வகையாற் கூறின், ஆயிரம் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆறு உயிர்கள் காக்கப்பட்டன. ஏறக்குறைய 176 குழந்தைகளுக்கு ஓராண்டு கொடுத்தால் ஓர் உயிர் பிழைக்கும். இரண்டு கூற்றும் மெய்யே. முதலாவது மருந்தின் ஆற்றலைக் காட்டும்; இரண்டாவது ஊரின் நிலையைக் காட்டும். இறப்பே அருகிய நாட்டில் அதே 54 பங்கு, பல்லாயிரவர்க்கு ஓர் உயிராகச் சுருங்கிவிடும். ஆதலின் 'இத்தனை விழுக்காடு குறைந்தது' என்று ஒருவர் கூறுமிடத்து, 'எத்தனையினின்று எத்தனை?' என்று வினவுதல் வேண்டும்.

தற்செயலோ?

'இவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்திருக்கலாமே' என்பார்க்கு விடை என்னை? மருந்தாற் பயனே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அங்ஙனமாயின் இறந்த 117 குழந்தைகளும் நாணயம் சுண்டியதுபோல் இரு கூட்டத்தும் விழுந்திருப்பர்; சத்துப் பெற்ற கூட்டத்தில் ஏறக்குறைய 59 பேரை எதிர்பார்த்தல் வேண்டும். நாணயம் சுண்டுவதிலும் ஏற்றத்தாழ்வு உண்டன்றோ? அதன் திட்ட விலக்கம் 117-இன் வர்க்கமூலத்திற் பாதி, அஃதாவது 5.4. நாம் கண்டதோ 37. எதிர்பார்த்ததற்கு 22 குறைவு; திட்ட விலக்கத்தின் நான்கு மடங்கு. பயனற்ற மருந்து இத்துணை வேறுபாட்டைத் தற்செயலாய்க் காட்டுவது ஏறக்குறைய இருபதினாயிரத்தில் ஒரு முறையே நிகழும். இக்கணக்கிற்கு ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் கூறல் வேண்டும். 'இருபதினாயிரத்தில் ஒன்று' என்பது மருந்து பயனற்றதாய் இருத்தற்குரிய வாய்ப்பு அன்று. பயனற்றது என்று கொண்டால் இத்தகைய எண்கள் தோன்றுதற்குரிய வாய்ப்பாகும். இரண்டும் ஒன்றென மயங்குவார் கற்றோரிலும் பலர். மற்றொன்று: அக்குழந்தைகள் தனித்தனியே பகுக்கப்படவில்லை, அண்டை வீட்டார் சேர்ந்த குழுமங்களாகப் பகுக்கப்பட்டனர். ஒரே நீர் குடித்து ஒரே அம்மையிற் சிக்கும் அண்டை வீட்டாரின் நிலை தனித்தனி நாணயங்களை ஒத்ததன்று. ஆதலின் நம் எளிய கணக்குச் சற்றே மிகையான உறுதியைத் தரும். ஆராய்ந்தோர் இதனையும் கருதி, 0.46 என்னும் எண்ணுக்கு 0.30 முதல் 0.71 வரை எல்லை வகுத்தனர். இதனை நம்பக இடைவெளி என்பர். மருந்தின் மெய்யான பயன் நூற்றுக்கு 70 பங்காகவும் இருக்கலாம். 29 பங்காகவும் இருக்கலாம். ஒன்றுமில்லை என்பது மட்டும் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது என்பதே அதன் பொருள். ஒற்றை எண்ணைக் கூறி நிற்போரினும் எல்லையையும் கூறுவோர் நேர்மையர்.

வடநாட்டு எண்

இத்துடன் நிறுத்தினால் இக்கட்டுரை இனிதாக முடிந்திருக்கும். உண்மையோ அத்துணை இனிதாக முடியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 1999 முதல் 2004 வரை, ஏறக்குறைய பத்து இலட்சம் குழந்தைகளைக் கொண்டு, ஆறு திங்களுக்கு ஒருமுறை பேரளவு உயிர்ச்சத்து 'ஏ' கொடுத்து ஆராய்ந்தனர். முடிவு 2013-இல் வெளியாயிற்று. இறப்பிற் குறைவு நூற்றுக்கு 4 பங்கே. அதன் எல்லையோ 3 பங்கு மிகுதி முதல் 11 பங்கு குறைவு வரை. அஃதாவது, பயனே இல்லை என்பதும் அவ்வெல்லைக்குள் அடங்கும்.

எதனை நம்புவது? பெரியதை நம்புக என்பார் சிலர். மருந்து உண்மையிலேயே எல்லாக் குழந்தைகட்கும் சென்று சேர்ந்ததோ என்பார் வேறு சிலர். திருச்சிராப்பள்ளியிற் கொடுத்தது வாரந்தோறும் சிற்றளவு, உணவிலேயே பெறக்கூடிய அளவு. வடநாட்டிற் கொடுத்தது ஆறு திங்களுக்கு ஒரு பேரளவு என்று வேறுபாடு காட்டுவார் மற்றுஞ் சிலர். இவ்வழக்கு அறிஞரிடை இன்றும் உண்டு. 2017-இல், வடநாட்டு ஆராய்ச்சியையும் உள்ளிட்டு 19 ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து நோக்கியோர், குறைவு நூற்றுக்கு 12 பங்கு என்று கண்டனர். 54 என்னும் எண் பொய்யன்று; 4 என்பதும் பொய்யன்று. ஒவ்வொன்றும் தன் ஊருக்கும் தன் காலத்திற்கும் உரிய சான்று. ஒரு சான்றைக் கொண்டு தீர்ப்புக் கூறாது பல சான்றுகளையும் கேட்டல் நடுவுநிலையாம்.

நாம் விரும்பிய விடையை எண்கள் தாராமையும் உண்டு. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியைப் பற்றிச் செங்கற்பட்டுப் பகுதியில் 1968-இல் தொடங்கிய ஆராய்ச்சியில் ஏறக்குறைய 2,60,000 பேர் சேர்ந்தனர். பெரியோர்க்கு வரும் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே பதினைந்தாண்டு கண்காணித்த பின்னும் அவர்கள் கண்ட முடிவு. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளைத் தடுத்தற்கு அவ்வூசி இன்றும் இடப்படுகின்றது. ஆனால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை நமக்கு வரையறுத்துக் கூறியது செங்கற்பட்டு. ஏமாற்றம் தரும் முடிவை மறையாது வெளியிடுதலும் மெய்ம்மைக்குச் செய்யும் தொண்டேயாம்.

முடிவுரை

இத்துணையும் கூறியபின் ஒன்று எஞ்சி நிற்கின்றது. 80 என்றும் 37 என்றும் எளிதாக எழுதிவிட்டோம். அவ்வெண்களுள் ஒவ்வொன்றும் ஒரு தொட்டில். வெற்று மருந்து பெற்ற கூட்டத்துத் தாயர், தம் குழந்தைக்கு வந்த புட்டியில் உள்ளது எது என்றறியாமலே அதற்கு வாய் திறந்துவிட்டனர். பின்னாளிற் பிறக்கும் குழந்தைகளுக்கு அவர்கள் தந்த கொடை அது. அவர்கள் பெயர் எந்நூலிலும் இல்லை. தலைமயிரையும் எண்ணி வைத்திருப்பவர் அறிவார். நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற் போனதை உவமையில் வரும் மேய்ப்பன் எங்ஙனம் அறிந்தான்? மாலையில் எண்ணினான், அதனால் அறிந்தான். எண்ணாத மேய்ப்பனுக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறாகவே தோன்றியிருக்கும். தேடிச் செல்ல அவன் கால் எழுந்திராது. அன்பு முதலில் எண்ணும், எண்ணியபின் தேடும்.

கோடை விடுமுறைக்கு அருப்புக்கோட்டைப் பக்கமும் திருச்சுழிப் பக்கமும் செல்லும் நம் மாணவ நண்பர்கள், தத்தம் ஊர் அங்கன்வாடியில் ஒரு நாழிகை அமர்ந்து, அங்குள்ள எடைப் பதிவேட்டைப் பணியாளர் இசைவோடு நோக்குவாராக. சராசரியைக் காண்க, விலக்கத்தையும் காண்க, மெலிந்த இருவர் எங்கே என்று வினவுக. பின்னர் அவ்விருவர் வீட்டு வழியாகத் திரும்பி வருக.